அங்கிலோசோரஸ்: முதுகில் இருப்பது ஓடு அல்ல

கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் விற்கும் பிளாஸ்டிக் டைனோசர் பொதியைப் பிரித்தால் அதில் ஒன்று அநேகமாக அங்கிலோசோரஸாக இருக்கும். நாலு கட்டைக் கால், முதுகு முழுக்க ஒரே வார்ப்பில் ஒரு மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றி முள், வால் நுனியில் ஒரு பந்து. பிள்ளைகள் அதை 'ஆமை டைனோசர்' என்பார்கள். விளையாட்டுக்கு அந்தப் பெயர் போதும். ஆனால் இந்த விலங்கைப் பற்றி நூறு வருடத்துக்கு மேலாக நடந்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே வார்ப்பு மூடியில் இருந்துதான் கிளம்புகின்றன. அங்கிலோசோரஸின் முதுகில் ஓடே இல்லை. தோலுக்குள் ஒவ்வொன்றாக விளைந்த என்புத் துண்டுகள்தான் இருந்தன. ஆமையோடு போல அவை ஒரே மூடியாகவில்லை. விலா என்போடும் ஒட்டவில்லை. விலங்கு இறந்து தோல் அழுகியதும் அவை சிதறிப் போயின.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு நூதனசாலைக்குப் போகத் தேவையில்லை. கவசம் பூண்ட விலங்குகள் இலங்கையிலேயே இருக்கின்றன. வறண்ட வலயத்து நட்சத்திர ஆமையின் ஓடு பெரும்பாலும் விலா என்புகளும் முள்ளந்தண்டும் அகன்று ஒன்றாகி உருவானது. அது வன்கூட்டின் ஒரு பகுதி, ஆமையை அதிலிருந்து கழற்றவே முடியாது. அழுங்கின் செதிலில் என்பு துளியும் கிடையாது, முழுக்க நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். முதலை மூன்றாவது வகை. தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வெயில் காயும் முதலையின் முதுகைப் பார்த்தால் வரிசை வரிசையாகப் புடைத்த தகடுகள் தெரியும். ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில், தோலின் உட்படையில், குழிகள் நிறைந்த ஓர் என்புத் துண்டு கிடக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் பூச்சாடிக்கு அடியில் ஓடி ஒளியும் அரணைக்கும் இதே ஏற்பாடுதான். அதன் பளபளக்கும் செதிலுக்கு அடியில் மெல்லிய என்புச் சில்லுகள் உண்டு.

அங்கிலோசோரஸ் முதலையின் வழியைச் சேர்ந்தது. இப்படித் தோலுக்குள் விளையும் என்பை இந்தக் கட்டுரையில் தோலென்பு என்று எழுதுகிறேன். ஒரு தோலென்பைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? கவிழ்த்து வைத்த சிறு ஓடம் போல இருக்கும். மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு முகடு, அடிப்புறம் குழிவு. மேற்பரப்பு வழவழப்பாக இராது, இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்களும் சிறு குழிகளுமாக இருக்கும். உயிரோடு இருந்தபோது அதன்மேல் கெரட்டின் உறை ஒன்றும் இருந்தது. ஆகவே உயிருள்ள விலங்கின் முள் அதன் என்பைவிட நீளமாகவும் கூராகவும் தெரிந்திருக்கும். அங்கிலோசோரஸின் தோலென்புகளில் சிறியது 1 செ.மீ. குறுக்களவு, பெரியது 35.5 செ.மீ. நீளம். பெரிய தகடுகள் பலரும் எண்ணுவது போல இரும்புப் பாளம் மாதிரித் தடித்தவை அல்ல, சுவர் மெல்லியவை. ஷேயர், சாண்டர் என்ற ஆய்வாளர்கள் 2004இல் இந்த வகை என்புகளை மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, உள்ளே கொலாஜன் நார்கள் பின்னிக் கிடந்தது தெரிந்தது. சுண்ணாம்புச் சாந்தில் தும்பு கலந்து பூசினால் சுவர் மெல்லியதாக இருந்தாலும் வெடிக்காது அல்லவா, அந்தச் சூட்சுமம்தான். பாரத்தைக் கூட்டாமல் உறுதியைக் கூட்டும் வழி.

தோலென்பு பிறக்கும்போதே முழுதாக வருவதும் இல்லை. பினகோசோரஸ் என்ற ஆசிய உறவினத்தின் குட்டிகள் கூட்டமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கழுத்து வளையம் இருக்கிறது, உடற்கவசம் இன்னும் விளையவில்லை. ஆகவே முழுக் கவசத்தோடு முட்டையை உடைத்து வெளியே வரும் குட்டியைப் படத்தில் கண்டால் அது பிழை.

சிதறிய தகடுகள் செய்த குழப்பம்

1900ஆம் ஆண்டு அமெரிக்காவின் வயோமிங்கில் உயிர்ச்சுவடு தேடிய பார்னம் பிரவுண் ஒரு பெரிய ஊனுண்ணி டைனோசரின் என்புகளைத் தோண்டி எடுத்தார். அதே இடத்தில் 77 தோலென்புகளும் கலந்து கிடந்தன. 1905இல் ஒஸ்போர்ன் என்ற ஆய்வாளர் அந்த ஊனுண்ணிக்கு டைனமோசோரஸ் இம்பீரியோசஸ் என்று பெயரிட்டபோது தகடுகளும் அதனுடையவையே என்று கொண்டார். அதாவது கவசம் பூண்ட ஊனுண்ணி. அதே கட்டுரையில்தான் டைரனோசோரஸ் ரெக்ஸ் என்ற பெயரும் முதல்முறை வெளிவந்தது. அடுத்த வருடமே இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்து டைனமோசோரஸ் என்ற பெயர் கைவிடப்பட்டது. அந்த 77 தகடுகளும் அங்கிலோசோரஸுக்கு உரியவை. ஆக, அங்கிலோசோரஸ் மனிதர் கையில் முதலில் அகப்பட்டது தன் பெயரில் அல்ல, ரெக்ஸின் தோலாக.

1906இல் மொன்டானாவின் ஹெல் கிரீக் பாறை அடுக்கில் பிரவுணின் குழுவைச் சேர்ந்த பீட்டர் கைசன் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டார். கூடவே இரண்டு பற்கள், தோள்பட்டையின் ஒரு பகுதி, கழுத்து, முதுகு, வால் முள்ளந்தண்டு என்புகள், விலாக்கள், முப்பதுக்கு மேற்பட்ட தோலென்புகள். 1908இல் பிரவுண் அதற்கு அங்கிலோசோரஸ் மாக்னிவென்றிஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் மண்டையிலும் உடலிலும் என்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போனதைச் சொல்கிறது. மூட்டு இறுகிப்போவதை மருத்துவத்தில் அங்கிலோசிஸ் என்பார்கள், அதே வேர்தான். இரண்டாம் சொல்லுக்குப் பெருவயிறு என்று பொருள்.

பெயரோடு பிரவுண் ஒரு படமும் வெளியிட்டார். வளைந்த முதுகு, இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கிய தகட்டு வரிசை, நுனியில் ஒன்றுமில்லாத குட்டை வால். கவசத்தை அவர் அழிந்துபோன கிளிப்டோடொன் என்ற பாலூட்டியின் கூட்டோடு ஒப்பிட்டார். வாற்குண்டை வேண்டுமென்று அவர் விட்டுவிடவில்லை, அது அப்போது கிடைத்திருக்கவே இல்லை. 1910இல் கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் முழு மண்டையோட்டுடன் கிடைத்த வன்கூட்டில்தான் முதற்தடவையாக வாற்குண்டு தெரிந்தது. இன்றைக்கும் இந்த இனத்தின் வாற்குண்டு என்று உலகத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். ஆனால் 1908ஆம் ஆண்டுப் படத்தைப் பின்பற்றி வரைந்தவர்கள் 1980கள் வரை இருந்தார்கள். புறக்கோட்டைப் பொம்மையின் ஒரே வார்ப்பு முதுகும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. இந்தியாவின் ஜபல்பூரில் கிடைத்த இடுப்பு என்பு, கீழ்க்கால் என்பு, தோலென்புகள் எல்லாவற்றையும் ஒரே விலங்காகச் சேர்த்து 1920களில் மாட்லி லமெட்டாசோரஸ் என்ற கவச டைனோசரை உருவாக்கினார். பிறகு பார்த்தால் இடுப்பும் காலும் ஓர் ஊனுண்ணிக்கு உரியவை, தகடுகள் வேறு விலங்குக்கு உரியவை. அரியலூர்ப் பக்கத்தில் கிடைத்த எச்சங்களுக்கு 1979இல் யாதகிரியும் அய்யாசாமியும் திராவிடோசோரஸ் பிளான்போர்டி என்று பெயரிட்டு, ஸ்டெகோசோரஸின் உறவினம் என்றார்கள். 1996இல் சட்டர்ஜியும் ருத்ராவும் அதன் இடுப்பு, பின்கால் என்புகள் பிளீசியோசோர் என்ற கடல் ஊர்வனவின் தேய்ந்த மிச்சங்கள் என்று வாதிட்டார்கள். தமிழ் மண்ணின் பெயர் தாங்கிய டைனோசர் என்பதால் அதில் நமக்கு ஒரு பாசம் இருக்கலாம். பாசத்தை வைத்து என்பை இனங்காண முடியாது.

இலங்கையில் ஏன் ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் தீவின் பத்தில் ஒன்பது பங்கு பாறை டைனோசர்களுக்கு மிகமிக முந்தியது, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. உயிர்ச்சுவடு தங்கும் பாறை அல்ல அது. புத்தளத்துப் பக்கம் தப்போவ, ஆண்டிகம, பள்ளம ஆகிய இடங்களில் யுராசிக் காலப் படிவுகள் சிறு துண்டுகளாக உண்டு. அவற்றில் தாவரச் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. இரத்தினபுரியில் இரத்தினக்கல் கிடைக்கும் 'இல்லம்' என்ற சரளைப் படைக்காகத் தோண்டும் குழிகளில் வரும் யானை, நீர்யானை என்புகள் டைனோசர் காலத்துக்கு எவ்வளவோ பிந்தியவை.

பாகுபாடு: ஏணியும் மரமும்

பாடசாலையில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று ஏழு படி ஏணியை மனனம் செய்கிறோம். அங்கிலோசோரஸ் சாதிப் பெயர், மாக்னிவென்றிஸ் இனப் பெயர். அந்தச் சாதியில் அந்த ஒரே இனம்தான். இதுவரை ஏணி சரியாக வேலை செய்கிறது. அதற்கு மேலே ஏறும்போது ஏழு படி போதாது. டைனோசர்களை இன்று கிளைக்குள் கிளையாகப் பார்க்கிறார்கள்.

வெளியே இருந்து உள்ளே போவோம். டைனோசர்களுக்குள், இடுப்பில் உள்ள பூப்பென்பு பின்னோக்கித் திரும்பிய ஓர்னிதிஸ்கியா ஒரு பெருங்கிளை. பெயருக்குப் பறவை இடுப்பு என்று பொருள், ஆனால் பறவைகள் வந்தது மற்றக் கிளையில் இருந்து. இந்தப் பெயரால் வரும் தடுமாற்றத்துக்கு அளவில்லை. ஓர்னிதிஸ்கியாவுக்குள் தைரியோபோரா, அதாவது கேடயம் தாங்கிகள். 1915இல் நொப்சா இட்ட பெயர். உடலில் தோலென்பு வரிசைகள் இருப்பது இந்தக் கிளையின் பொது அடையாளம். இங்கிலாந்தின் ஸ்கெலிடோசோரஸ் இதன் ஆரம்ப காலத்து உறுப்பினர். தைரியோபோரா பிறகு இரண்டாகப் பிரிகிறது. முதுகின் நடுவில் நிமிர்ந்த தகடுகளோடு ஸ்டெகோசோரஸ் கூட்டம் ஒரு பக்கம், உடலைப் பாய் விரித்தது போலத் தகட்டால் மூடிய அங்கிலோசோரியா மறுபக்கம்.

அங்கிலோசோரியாவை நெடுங்காலம் இரண்டு குடும்பமாகவே பிரித்தார்கள். அகன்ற மண்டை, அதன் மூலைகளில் கொம்பு, வாலில் குண்டு என்றால் அங்கிலோசோரிடே. நீண்டு ஒடுங்கிய மண்டை, தோளில் பெரிய முட்கள், குண்டில்லாத வால் என்றால் நொடோசோரிடே. முதல் அறிமுகத்துக்கு இது இன்றைக்கும் உதவும். ஆனால் 2023இல் ரேவனும் சகாக்களும் செய்த விரிவான ஆய்வு நொடோசோரிடேயைக் கலைத்து, மொத்தம் நாலு குடும்பங்களாகப் பிரித்தது. 2021இல் சிலியில் இருந்து அறிவிக்கப்பட்ட ஸ்டெகூரோஸ் இன்னொரு பழைய கிளையைக் காட்டியது. அதன் வால் நுனியில் குண்டு இல்லை, பக்கவாட்டில் தட்டையான பற்கள் கொண்ட வாள் போன்ற அமைப்பு இருக்கிறது. தென்கண்டங்களின் கவச டைனோசர்கள் தனிவழியில் போனதற்கு அது சாட்சி. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த பெருநிலமான கொண்ட்வானாவின் ஒரு துண்டில் குடியிருக்கும் நமக்கு அந்தக் கிளைதான் அதிக ஆர்வத்தைத் தரவேண்டும்.

அங்கிலோசோரஸ் இருப்பது அங்கிலோசோரிடே குடும்பத்தின் மிக உட்கிளையில். வட அமெரிக்காவின் யூவோப்ளோசெபாலஸ், அனொடொன்டோசோரஸ், ஸ்கோலோசோரஸ், சூல் ஆகியவை அதன் நெருங்கிய சொந்தம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. 1970களில் கூம்ப்ஸ் செய்த ஆய்வுக்குப் பிறகு அல்பேட்டாவில் கிடைத்த பல வடிவங்களையும் யூவோப்ளோசெபாலஸ் என்ற ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார்கள். 2013இல் ஆர்பரும் கரியும் மண்டைகளையும் கழுத்து வளையங்களையும் வாற்குண்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அவற்றைத் திரும்பப் பிரித்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பிரிவில் உதிரி முதுகுத் தகடுகளால் அதிகம் பயனில்லை. தனியாகக் கிடைக்கும் ஒரு முதுகுத் தகட்டை வைத்து இன்ன இனம் என்று துணிந்து சொல்வது அநேகமாக இயலாத காரியம். கவசத்தால் புகழ்பெற்ற விலங்குக்கு அடையாள அட்டை கொடுப்பது அதன் மண்டைதான்.

மண்டையில் இருந்து வால்வரை

1910ஆம் ஆண்டு மண்டையோட்டின் நீளம் 55.5 செ.மீ., அகலம் 64.5 செ.மீ. 1947இல் அதே அல்பேட்டாவில் ஸ்டேர்ன்பேர்க் எடுத்த பெரிய மண்டையோடு 64.5 செ.மீ. நீளம், 74.5 செ.மீ. அகலம். நீளத்தைவிட அகலம் கூடிய தலை. பொம்மைகளில் பல்லி போல் நீண்ட முகம் இருந்தால் அதை அங்கிலோசோரஸ் என்று ஏற்க வேண்டாம்.

மேலிருந்து பார்த்தால் முக்கோணம். பின்னிரு மேல்மூலைகளில் கூம்பான ஒவ்வொரு கொம்பு, கன்னத்தின் கீழ்ப்புறம் இன்னும் ஒவ்வொன்று. மண்டையின் மேற்பரப்பு முழுதும் நடைபாதைக் கல் பதித்தது போலச் சில்லுச் சில்லாகப் பிரிந்திருக்கும். மற்ற டைனோசர்களின் மண்டையில் கண்ணுக்கு முன்னாலும் தலையின் மேலும் பெரிய துவாரங்கள் உண்டு. இங்கே அவை என்பால் மூடப்பட்டிருக்கின்றன. மூக்குத்துவாரம்தான் இந்த இனத்தின் தனிச்சிறப்பு. உறவினங்களில் அது முகத்தின் முன்புறம் இருக்க, அங்கிலோசோரஸில் முன்தாடை புடைத்து அகன்றதால் பக்கவாட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. 2017இல் ஆர்பரும் மாலனும் இந்த இனத்தை மறுபடி விவரித்தபோது இதற்கே அழுத்தம் கொடுத்தார்கள். மூக்கின் உட்பாதையை அங்கிலோசோரஸில் நேரடியாகப் பின்தொடர்வது கடினம், ஆனால் யூவோப்ளோசெபாலஸின் மண்டையை ஸ்கேன் செய்தபோது காற்றுப் பாதை சுருண்டு சுருண்டு போவது தெரிந்தது. உடலில் இருந்து வரும் சூடான இரத்தத்தை மூளைக்குப் போகுமுன் தணிக்க அந்தச் சுருள் உதவியிருக்கும் என்று 2018இல் பூர்க்கும் சகாக்களும் கணித்தார்கள். அவ்வளவு பெரிய உடல் வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும்போது சிறிய மூளைக்கு அது தேவைப்படும்.

வாயின் முன்பக்கத்தில் பல் இல்லை, அகன்ற சொண்டு மட்டும். உள்ளே பற்கள் சின்னஞ்சிறியவை, இலை வடிவம், விளிம்பில் பற்களைப் போன்ற வெட்டுகள். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் 35, மறுபக்கம் 36 பற்குழிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. அந்தப் பருமனுள்ள விலங்குக்கு இந்தப் பற்கள் வேடிக்கையான அளவில் சிறியவை. அரைத்துக் கூழாக்கும் பொறுப்பு வாய்க்கு இல்லை, வயிற்றுக்குத்தான். பெருவயிறு என்ற பெயருக்கு அதுவே நியாயம். விலாக்கள் முள்ளந்தண்டில் இருந்து பக்கவாட்டாக நீண்டு வெளியே போய்ப் பிறகே கீழ்நோக்கி வளைகின்றன. அந்த அகன்ற பீப்பாய்க்குள் இலைதழை நெடுநேரம் ஊறிப் புளித்துச் சமித்திருக்கும்.

வாற்குண்டை விட்டால், கழுத்தில் மட்டும்தான் தோலென்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. கழுத்தின் மேற்பாதியைச் சுற்றி இரண்டு அரைவளையங்கள், ஒவ்வொன்றிலும் முகடுள்ள ஆறு தகடுகள். தகடுகள் அடியில் ஓர் என்புப் பட்டியோடு ஒட்டியிருப்பதால் இவை சிதறுவதில்லை. இனங்காண்பவர்கள் மண்டைக்கு அடுத்தபடி இதைத் தேடுவதன் காரணம் அதுவே.

இடுப்பு என்பு கூரை போல் பக்கத்துக்கு விரிந்திருக்கிறது. டைனோசர் என்றால் தொடையென்பு பொருந்தும் குழி அடித்தளமில்லாத துவாரமாக இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கிலோசோரியாவில் அந்தக் குழி மூடியே இருக்கிறது. பாகுபாட்டின் பொது விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகித்தால் எங்கே வழுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வால் இரண்டு பகுதி. அடிப்பாதி அசையும். நுனிப்பக்கத்து ஏழு முள்ளந்தண்டு என்புகள் ஒன்றின் கவட்டுக்குள் மற்றது செருகி, இடையில் குருத்தென்பு இல்லாமல் இறுகி, விறைத்த காம்பாகிவிட்டன. காம்பை அடுத்து, என்பாக மாறிய தசைநாண்கள் வரிந்து கட்டியிருக்கும். காம்பின் நுனியில் குண்டு. அது வால் முள்ளந்தண்டு வீங்கி வந்தது அல்ல. இருபக்கமும் இரண்டு பெரிய தோலென்புகள், நடுவில் சிறியவற்றின் ஒரு வரிசை, எல்லாம் சேர்ந்து கடைசி முள்ளந்தண்டுகளை மூடி வளர்ந்திருக்கின்றன. அளவு: நீளம் 60 செ.மீ., அகலம் 49 செ.மீ., உயரம் 19 செ.மீ. பந்து அல்ல, தட்டையான கட்டி. அனுமாரின் கதாயுதத்தை மேலிருந்து அமுக்கித் தட்டையாக்கினால் எப்படியோ அப்படி. பரிணாமத்தில் காம்பு முந்தி, குண்டு பிந்தி. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கோபிசோரஸில் விறைத்த காம்பு இருக்கிறது, குண்டு இல்லை.

பெரிய குண்டுகள் என்பை முறிக்கும் விசையோடு மோதக்கூடியவை என்று ஆர்பர் 2009இல் கணக்கிட்டுக் காட்டினார். உடனே எல்லாரும் ரெக்ஸின் காலை முறிக்கும் காட்சியை வரைவார்கள். ஆனால் 2022இல் சூல் என்ற உறவினத்தின் உடற்கவசத்தை ஆராய்ந்தபோது, இடுப்புப் பக்கத்து முட்கள் உடைந்து ஆறியிருந்தன. ஊனுண்ணி கடித்திருந்தால் காயம் எங்கும் இருக்கும். இங்கே காயங்கள், தன் இனத்து எதிராளி பக்கத்தில் நின்று வாலை வீசினால் எட்டும் இடத்தில் மட்டும். மான்கள் கொம்போடு கொம்பு முட்டுவது போல, இந்தக் குண்டுக்கும் முக்கிய வேலை சொந்தக்காரரோடு சண்டை போடுவதாக இருந்திருக்கலாம். எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

இன்னொரு விசித்திரம். அல்பேட்டாவில் கிடைத்த 36 அங்கிலோசோர் மாதிரிகளில் 26 மல்லாந்து கிடந்தன. 2018இல் மாலனும் சகாக்களும் இதற்கான விளக்கங்களைச் சோதித்தார்கள். பிணம் ஆற்றில் மிதந்து, வயிற்றில் வாயு உப்பி, பாரமான முதுகு கீழாகப் புரண்டு, அப்படியே கரையொதுங்கிப் புதைந்தது என்பதே நின்றது. இதனால் ஒரு நன்மையும் உண்டு. முதுகுத் தோல் சேற்றில் பதிந்துவிட்டால் தகடுகள் சில சமயம் இடம் மாறாமல் தங்கும். 2011இல் அல்பேட்டாவின் எண்ணெய் மணற் சுரங்கமொன்றில் வெளிப்பட்ட போரியலோபெல்டா என்ற கவச டைனோசர் அப்படித்தான் முகடும் கெரட்டின் உறையுமாகக் கிடைத்தது. அதைக் கல்லில் இருந்து பிரித்தெடுக்க மார்க் மிட்செல் செலவிட்டது ஏறக்குறைய 7,000 மணித்தியாலம். இனப்பெயரில் அவர் பெயரே நிற்கிறது.

20இல் 1 அளவில் ஒரு மாதிரி

பாடசாலைக் கண்காட்சிக்கு மாதிரி செய்யப் போகிறவர்கள் 1910ஆம் ஆண்டு விலங்கையே அளவாக எடுங்கள். மண்டையும் குண்டும் ஒரே உடலில் கிடைத்தது அதில் மட்டும்தான். 20ஆல் வகுத்தால் தலை 2.8 செ.மீ. நீளம், 3.2 செ.மீ. அகலம். குண்டு 3 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரம். தலையும் குண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும். முழு நீளத்தில் ஆய்வாளருக்குள் ஒற்றுமை இல்லை. கார்பென்டர் 2004இல் சொன்னது 5.4 மீற்றர், ஆர்பரும் மாலனும் சொல்வது 6 முதல் 8 மீற்றர் வரை. மாதிரிக்கு 30 செ.மீ. வைத்தால் பழுதில்லை. இடுப்பு உயரம் 7 செ.மீ. எடைக் கணிப்பு ஒன்று 4.8 தொன். ஒரு பெரிய யானையின் எடையை அதன் பாதி உயரத்தில் அமுக்கினால் உடல் எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டு வயிற்றைப் பிசையுங்கள். பொதுவாக எல்லாரும் ஒடுக்கமாகவே செய்துவிடுவார்கள்.

கட்டுக்கம்பியில் முதுகும் காலும் வளைத்து, பத்திரிகைக் கடதாசியைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் கடதாசிக் கூழ் பூசுங்கள். களிமண்ணை நேரே கம்பியில் அப்பினால் காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது, விலாப்பக்கம் வெடிக்கும். குண்டையும் களிமண் கட்டியாகச் செய்யாதீர்கள். பாரத்தில் வால் தொங்கி நிலத்தைத் தொடும். இந்த விலங்கு வாலை நிலத்தில் இழுத்ததில்லை, காம்பு தரைக்குச் சமாந்தரமாகவே நின்றது. உள்ளே கடதாசி உருண்டை வைத்து மேலே மெல்லிய பூச்சு போதும்.

கவசத்தைக் கடைசியில், தனித்தனியாக ஒட்டவேண்டும். 20இல் 1 அளவில் பெரிய தகடு 1.8 செ.மீ., அதாவது ஒரு புளியங்கொட்டையைவிடச் சற்று நீளம். நடுத்தரத் தகடுகள் பயறின் பருமன். மிகச் சிறியவை அரை மில்லிமீற்றர், ரவை தூவினால் சரி. முதலில் கழுத்தின் இரண்டு அரைவளையம். பிறகு முகடுள்ள பெரிய தகடுகளை உடலுக்குக் குறுக்கே வரிசையாக, வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு. முகடு தலையில் இருந்து வால் பக்கமாக ஓடவேண்டும், குறுக்காக வைக்கக்கூடாது. பசை காயுமுன் இடைவெளிகளில் ரவை. அங்கிலோசோரஸின் முதுகில் ஒவ்வொரு தகடும் எங்கே இருந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லாததால், இந்த ஒழுங்கு உடற்கவசம் இடம் மாறாமல் கிடைத்த உறவினங்களைப் பார்த்து எடுத்தது. கண்காட்சி அட்டையில் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

காலில் கவனம் வேண்டும். மற்ற அங்கிலோசோரிட்களை வைத்துப் பார்த்தால் முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் மூன்று. பொம்மையைப் பார்த்துச் செய்பவர்கள் நாலிலும் ஒரே எண்ணிக்கை போட்டுவிடுவார்கள். வர்ணம் பூசுமுன் மாதிரியை ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் கூழ் மேலால் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, ஒட்டிய தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.